அங்கை ஆர் இருக்கினம்?

டென்மார்க்கில் பெயர் வைத்த தீவுகள் மட்டும் நானூறுக்கு மேல். அவற்றில் எழுபது சொச்சத்தில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். தலைநகரமே தீவில்தான் இருக்கிறது. கோபன்ஹேகன்காரர் காலையில் எழும்பிப் பல் விளக்குவதே ஒரு தீவில் என்னும்போது, பிள்ளைகளோடு ஒரு கிழமை தீவில் போய் நின்றுவிட்டு வருவது இந்த நாட்டில் வெகு சாதாரண சங்கதி. வேலைத்தலத்தில் டேனிஷ்காரர் ஜனவரியிலேயே வீடு பிடித்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு பங்குனியில் தொடங்கியது. சீதனப் பேச்சுக்கூட அவ்வளவு நாள் இழுபட்டிராது.

நாங்கள் இருப்பது பிறண்டாவில். யூலாண்டின் நடுவயிற்றில் இருக்கிற ஊர். அபிராமி அம்மன் கோயில் இருப்பதால் ஐரோப்பாத் தமிழருக்கெல்லாம் தெரிந்த பெயர். காற்றாலைக் கம்பனி இருப்பதால் மற்றவர்களுக்கும் தெரியும். என் அவருக்கு அந்தத் தொழிலில்தான் வேலை. கடல் மட்டும் எங்களுக்குப் பக்கத்தில் இல்லை. பிள்ளைகள் இரண்டு: மூத்தவளுக்கு ஆறு வயது, சின்னவனுக்கு மூன்று. கூடவே அம்மா. அம்மாவைப் பிள்ளைகளின் கணக்கில் சேர்ப்பதா பெரியவர்களின் கணக்கில் சேர்ப்பதா என்பது இடத்தைப் பொறுத்தது.

"அம்மா, இந்தக் கோடைக்கு ஒரு தீவுக்குப் போவமெண்டு யோசிக்கிறம்."

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஏன் போறியள்?"

அம்மாவைக் குற்றம் சொல்லேலாது. புலம்பெயர்ந்த தமிழருக்கு விடுமுறை என்றால் ஆரோ ஒருவருடைய வீடு. லண்டன் என்றால் ஈஸ்ட்ஹாமில் மாமா, பாரிஸ் என்றால் லாசப்பலுக்குப் பக்கத்தில் சித்தி, கனடா என்றால் ஸ்காபரோவில் பாதி ஊர். நிலவறையில் மெத்தை விரித்துப் படுத்து, மூன்று நேரமும் சாப்பிட்டு, நான்காவது நேரம் இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, போன இடத்திலிருந்து மற்ற இடத்து ஆட்களைப் பற்றிக் கதைத்துவிட்டு வருவதுதான் பயணம். ஐஃபல் கோபுரத்தைக் காரின் யன்னலுக்குள்ளால் பார்த்த சனங்கள் நாங்கள். சொந்தக்காரர் இல்லாத ஓர் இடத்துக்குக் காசு கொடுத்துப் போவது எங்களுடைய பண்பாட்டில் இன்னும் வந்து சேரவில்லை. ரொறொன்ரோ மச்சாளிடம் சொன்னபோது, "டென்மார்க்கிலை இருந்து டென்மார்க்குக்கோ? ஏன், அவருக்கு வேலையிலை ஏதும் பிரச்சினையோ?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அடுத்தது கோடை வீட்டின் விதிகள். அதை நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கத் தேவையில்லை, ஆனால் அவ விடவில்லை. கட்டில் விரிப்பு, தலையணை உறை, துவாய் எல்லாம் நாங்களே கொண்டுபோக வேண்டும். கரண்டுக்கு மீற்றர் பார்த்துத் தனியாகக் காசு. வெளிக்கிடுகிற நாள் காலையில் வீட்டைக் கூட்டித் துடைத்து, குளிர்சாதனப் பெட்டியைக் கழுவி, குப்பையை எறிந்துவிட்டுத் திறப்பைக் கொடுக்க வேண்டும்.

"அப்ப காசையும் குடுத்து, சீலையையும் கொண்டுபோய், வீட்டையும் கழுவிக் குடுக்கோணும்?"

"ஓம்."

"பிள்ளை, வடிவா வாசி. அவங்கள்தான் எங்களுக்குக் காசு தரவேணும் எண்டு எழுதியிருக்கும்."

இனி நாள் பார்க்கிற கட்டம். டேனிஷ்காரருக்கு மாதமும் திகதியும் இரண்டாம்பட்சம். அவர்களுக்குக் கிழமை இலக்கம்தான் எல்லாம். "இருபத்தொன்பதாம் கிழமை எங்கே போகிறீர்கள்?" என்று கேட்பார்கள், அது தன்பாட்டில் விளங்கும் என்ற நம்பிக்கையோடு. பள்ளிக்கூடம் ஜூன் கடைசிச் சனியிலிருந்து பூட்டு. தொழிற்சாலைகளெல்லாம் வழக்கமாக இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பதாம் கிழமைகளில் ஓய்ந்துவிடும். இந்த மூன்று கிழமைக்குள்தான் நாடு முழுவதும் காரின் தலையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடும்.

அம்மாவின் கலண்டர் வேறு. அது சமையலறைச் சுவரில், கடைக்காரர் வருடப் பிறப்புக்குக் கொடுத்த முருகன் படத்துக்குக் கீழே தொங்குகிறது. அதில் ராகுகாலம் இருக்கிறது, அட்டமி நவமி இருக்கிறது, மரக்கறி நாள் இருக்கிறது. கிழமை இலக்கம் இல்லை. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இருபத்தொன்பதாம் கிழமைக்குள் ஆடிப்பிறப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. "ஆடிக்கை ஒண்டும் துவங்கக்கூடாது" என்றா. ஆனி மாதமே வெளிக்கிட்டு ஆடிக்குள் அங்கே நின்றால் அது தொடங்குவதாகாது, தொடர்வதாகும் என்று என் அவர் ஒரு சட்டத்தரணியின் நிதானத்தோடு விளங்கப்படுத்தினார். அம்மா யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டா, ஒரு நிபந்தனையோடு: ஆடிக்கூழ் எங்கே நின்றாலும் காய்ச்சுவா.

அதைவிடப் பெரிய தொல்லை சனிக்கிழமை. கோடை வீடுகள் இங்கே சனிக்குச் சனி. சனி பின்னேரம் திறப்பு வாங்க வேண்டும், அடுத்த சனி காலையில் கொடுக்க வேண்டும். எங்கள் சனத்தின் கலியாணம், சாமத்திய வீடு, அரங்கேற்றம், முதலாம் பிறந்தநாள், விளையாட்டுப் போட்டி, ஊர்ச் சங்கத்து ஒன்றுகூடல் எல்லாம் சனி. மண்டபம் அன்றைக்குத்தான் கிடைக்கும், சனம் அன்றைக்குத்தான் ஓய்வு. கோடையில் அழைப்பிதழ் இல்லாத இரண்டு சனி அடுத்தடுத்து வருகிற வீடு ஏதோ தகராறில் இருக்கிற வீடு. என்வலப்பை ஆரிடமாவது கொடுத்தனுப்பலாம். ஆனால் வீடியோவில் எங்கள் முகம் இருக்காது. பதினைந்து வருடம் கழித்து அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்து, "இவை வரேல்லை" என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். என் அம்மா அப்படியான ஒருவர்.

கெதியாக ஒரு முடிவுக்கு வருவோம், வீடுகள் போய்விடும் என்று நான் அவசரப்படுத்தினேன். அம்மாவுக்கு அவசரம் ஏறாது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அப்பா முன்னுக்கு வந்து அகதி அந்தஸ்து எடுத்துவிட்டு எங்களைக் கூப்பிட்ட நேரம், 1987இல், அப்போதைய நீதி அமைச்சர் ஏரிக் நின்-ஹான்சன் தமிழ் அகதிகளின் குடும்பங்களை இணைக்கிற கோப்புகளைச் சட்டத்துக்கு மாறாக நிறுத்தி வைத்தார். மேசையில் கிடந்த கோப்புகளில் எங்களுடையதும் ஒன்று. அது பிறகு பெரிய விசாரணையாகி, 1993 ஜனவரியில் அறிக்கை வெளிவர, பிரதமர் போல் ஸ்லூட்டர் பதவி விலகினார். நின்-ஹான்சனுக்கு 1995இல் அரசவை நீதிமன்றத்தில் நான்கு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை. டேனிஷ்காரருக்கு அது 'தமிழர் வழக்கு'. அம்மாவுக்கு அது தன் சொந்த வழக்கு.

"நான் வரப் பிந்தினதிலை இங்கை ஒரு அரசாங்கம் கவிண்டது. நீ தீவுக்குப் போகப் பிந்தினா என்ன கவிழப்போகுது?"

இதற்குப் பதில் சொல்ல எனக்குப் படிப்புப் போதாது.

எந்தத் தீவு என்பதில் ஆளுக்கொரு ஆசை. நான் போர்ன்ஹோல்ம் என்றேன். வட்டமான வெள்ளைத் தேவாலயங்கள் நான்கு, புகையில் வாட்டிய ஹெரிங் மீன், பாறைக் கரை. படத்தில் பார்த்தால் வேறு நாடு. படத்தில் மட்டுமில்லை. பிறண்டாவிலிருந்து அங்கே போவதென்றால் ஃபூன் தீவைத் தாண்டி, 1998இல் காருக்குத் திறந்த ஸ்டோரபெல்ட் பாலத்துக்குக் காசு கட்டி, சேலண்டைத் தாண்டி, ஓரசுண்ட் பாலத்துக்கும் காசு கட்டி, சுவீடனுக்குள் போய், ஈஸ்டாட் என்ற ஊரில் கப்பல் ஏற வேண்டும். ஒரு தீவுக்குப் போக இரண்டு தீவுகளையும் ஒரு வெளிநாட்டையும் கடக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை பின் இருக்கையில் "வந்திட்டமோ?" என்று கேட்கத் தொடங்குவது எங்கள் தெருமுனைச் சுற்றுவட்டத்தில். போர்ன்ஹோல்ம் அங்கேயே விழுந்தது.

சாம்சோ. ஹோவ் துறையிலிருந்து ஒரு மணித்தியாலக் கப்பல். அங்கே விளைகிற முதல் புது உருளைக்கிழங்குக்கு டென்மார்க்கில் தங்கத்தின் மரியாதை. 1997இல் நாட்டின் புதுப்பிக்கத்தக்க சக்தித் தீவாகத் தெரிவாகி, காற்றாலைகளை நாட்டி உலகப் புகழ் எடுத்த இடம். என் அவர் கையை உயர்த்தினார். "வருசம் முழுக்க உந்தச் செட்டையைத்தான் பாக்கிறன். லீவிலையும் அதையே போய் அண்ணாந்து பாக்கோணுமோ?" உருளைக்கிழங்கைப் பற்றி அம்மாவுக்கும் அபிப்பிராயம் இருந்தது. அவவுடைய கருத்தில், தோலோடு அவித்து வெண்ணெய் பூசித் தின்கிற சனத்துக்கு எந்தக் கிழங்கும் ஒன்றுதான்.

லேசோ. வடக்கே பிரடெறிக்ஸ்ஹாவனில் ஏறி ஒன்றரை மணித்தியாலம். கடற்புல்லைத் தடிப்பாக அடுக்கிக் கூரை வேய்ந்த பழைய வீடுகள் உண்டு. பழைய முறைப்படி உப்புக் காய்ச்சுகிற குடிசையும் உண்டு. முந்தின காலத்தில் உப்புக்காகத் தீவின் காட்டையெல்லாம் வெட்டி எரித்து, 1652இல் காய்ச்சுவதை நிறுத்த வேண்டி வந்ததாம். எனக்கு இது பிடித்திருந்தது.

"உப்புப் பாக்கிறதுக்கு ஆனையிறவு காணாதெண்டு அங்கை போறியோ?" என்றா அம்மா.

எண்டலாவ பிள்ளைகளின் தெரிவு. ஒரு காலத்தில் ஒருவர் கொண்டுபோய் விட்ட முயல்கள் பெருகி, தீவு முழுவதும் முயல். மூத்தவள் பள்ளிக்கூடத்தில் அதன் படத்தைப் பார்த்திருக்கிறாள். அம்மம்மாவுக்கு உற்சாகமாக விளங்கப்படுத்தினாள்: எங்கே பார்த்தாலும் முயல், பயப்படாதாம், கிட்டவும் வருமாம். அம்மம்மா முதன்முதலாக ஆர்வத்தோடு நிமிர்ந்து, "பிடிக்க விடுவாங்களோ?" என்று கேட்டா. மிளகு கூட்டி வைத்தால் நல்லாயிருக்கும் என்றும் சொன்னா. மூத்தவளின் கண் கலங்கியதைப் பார்த்து நாங்கள் எண்டலாவவைக் கைவிட்டோம். முயல்கள் தப்பின.

மண்டோ என்று ஒன்று உண்டு, ரீபா நகரத்துக்கு அருகே. அதற்குக் கப்பலே இல்லை. வற்றுக் கடலுக்குள்ளால் டிரக்டர் பூட்டிய பஸ் போகும். வெள்ளம் ஏறினால் பாதை கடலுக்குள். சின்னவன் டிரக்டர் என்ற சொல்லைக் கேட்டதும் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றான். அதை ஒரு நாள் பயணமாக வைத்துக்கொள்வோம் என்று எழுதி வைத்தேன். கடல் ஏறுகிற நேர அட்டவணையைப் பார்த்துப் பிள்ளையின் நித்திரை நேரத்தோடு பொருத்த முயன்றேன். சந்திரனும் சின்னவனும் ஒத்துப்போக மாட்டார்கள்.

இப்படிக் குழம்புவது எங்களுக்கு மட்டும் வந்த வினையில்லை. தீவுப் பயணத்தை உலகத்திலேயே மோசமாகத் திட்டமிட்டவர்கள் இதே டேனிஷ்காரர்தான், அதுவும் போனது எங்கள் தீவுக்கு. 1618 நவம்பரில் நான்காம் கிறிஸ்டியான் அரசன் ஓவ கெடெ என்ற இருபத்து மூன்று வயதுப் பெடியனின் தலைமையில் இலங்கைக்குக் கப்பல்களை அனுப்பினான். கண்டி அரசனின் தூதன் என்று சொல்லிக்கொண்டு கோபன்ஹேகனுக்கு வந்த ஓர் ஒல்லாந்தன் கொடுத்த உறுதிமொழியை நம்பித்தான் அத்தனை செலவும். ஒன்றரை வருடக் கடல். உறுதிமொழி கொடுத்தவன் வழியிலேயே செத்துப்போனான். நோயில் ஆட்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தார்கள். 1620இல் வந்து இறங்கினால், போர்த்துக்கேயரை அடிக்க ஆள் தேடியதாகச் சொல்லப்பட்ட கண்டி அரசன் செனரத் அதற்குள் போர்த்துக்கேயரோடு சமாதானமாகிவிட்டான். திருகோணமலையில் கொஞ்சநாள் மினைக்கெட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்றுக்கொண்டு, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும் வரை அங்கே இருந்தார்கள். இதை அம்மாவுக்குச் சொன்னபோது, "அவங்களுக்கும் அங்கை ஒருத்தரும் இருக்கேல்லை, அதுதான்" என்றா.

கடைசியில் ஃபானோ. எஸ்பியர் துறைமுகத்தில் ஏறினால் பன்னிரண்டு நிமிடம். என் கருத்தில் சிறுபிள்ளைகளோடு தீவு தேடுகிறவர் கடற்கரை, விடுதி, வட்டத் தேவாலயம் ஒன்றும் பார்க்கத் தேவையில்லை. கப்பலில் எவ்வளவு நேரம் என்பதை மட்டும் பார்க்க வேண்டும். பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு பிள்ளை கப்பலின் மேல்தட்டுக்கு ஏறி, மணல்திட்டில் சீல்கள் படுத்திருப்பதைப் பார்த்து, கீழே இறங்கி, திரும்பி ஏறி, "எனக்குச் சலம் வருது" என்று சொல்வதற்குள் அக்கரை வந்துவிடும். அதற்கு மேல் ஒவ்வொரு நிமிடமும் பெற்றோருடைய தண்டனை.

அம்மாவின் விசாரணை தொடர்ந்தது. "காரையும் ஏத்துமோ? ஊர்காவற்றுறைப் பாதை மாதிரியோ?" ஏற்றும். இப்போது பற்றரியில் ஓடுகிற ஒரு ஃபெரியும் இருக்கிறது. "ரிக்கெற் எவ்வளவு?" சொன்னேன். போகும்போது எஸ்பியரில் எடுத்தால் போதும், திரும்பி வருவதும் அதற்குள் அடக்கம், தீவிலிருந்து வெளிக்கிடத் தனியாகக் காசு கேட்க மாட்டார்கள் என்றும் சொன்னேன். அம்மாவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. எந்தத் தீவிலும் வெளிக்கிடுகிற பயணம்தான் முக்கியம் என்பது அவவுடைய வாழ்நாள் கொள்கை.

ஏனென்றால் அம்மா நெடுந்தீவு. நான் கணக்குப் பார்த்தேன்: நெடுந்தீவு ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீற்றர், ஃபானோ ஐம்பத்தாறு. இரண்டிலும் சில ஆயிரம் சனம்தான். அங்கே ஒல்லாந்தர் தங்கள் ஊரான டெல்ஃப்டின் பெயரை வைத்தார்கள், பவளக்கல் வேலிகள், மட்டக் குதிரைகள், ஒற்றைப் பெருக்கமரம்; இங்கே வைக்கோற் கூரை வீடுகள், மணல், சீல். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் வருவதற்கு ஒரு மணித்தியாலம், வள்ளம் ஆடுகிற ஆட்டத்தில் காலையில் தின்ற பிட்டு வெளியே வரும். இதைக் கேட்டு அம்மா மனம் நெகிழ்வா என்று எதிர்பார்த்தேன்.

"தீவிலை பிறந்து, தீவிலை படிச்சு, தீவிலை கலியாணம் கட்டி, எப்படா இதிலை இருந்து வெளிக்கிடுவம் எண்டு இருந்தனாங்கள். இப்ப இவ காசு குடுத்து என்னைத் தீவுக்குக் கூட்டிக்கொண்டு போறா."

ஃபானோக்காரரும் வெளிக்கிட்டவர்கள்தான் என்று சொல்லிப் பார்த்தேன். 1741இல் தங்கள் தீவை அரசனிடமிருந்து ஏலத்தில் தாங்களே வாங்கியவர்கள் அவர்கள். (கோடை வாடகையைப் பார்த்தபின், அதுவே இலாபமான வழி என்று எனக்கும் படுகிறது.) பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபன்ஹேகனுக்கு அடுத்தபடியாகக் கப்பல்கள் வைத்திருந்தது இந்தச் சின்னத் தீவு. ஆண்களெல்லாம் கடலில். பெண்கள் வயலிலும் கரையிலும். வெயிலும் மணலும் முகத்தில் அடிக்காமலிருக்க அவர்கள் கண்மட்டும் தெரிகிற துணி முகமூடி போட்டு வேலை செய்தார்கள். அந்தப் பழைய படத்தை அம்மா கைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தா. "கறுக்கக்கூடாதெண்டு அந்தக் காலத்திலையே யோசிச்சிருக்கிறாளவை" என்று முதன்முறையாக ஒரு டேனிஷ் வழக்கத்தைப் பாராட்டினா.

அங்கத்தை வீடுகளின் யன்னலில் பீங்கான் நாய்கள் சோடியாக இருக்கும். மாலுமிகள் இங்கிலாந்துப் பக்கமிருந்து வாங்கி வந்தவை. புருசன் கடலில் என்றால் நாய்கள் வெளியே பார்க்கும். வீட்டில் என்றால் உள்ளே பார்க்கும்.

"எங்கடை ஊரிலை உதுக்கு நாய் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரி இருந்தவள்."

என் அவரை ஃபானோவுக்குச் சம்மதிக்க வைக்க நான் ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் அங்கே பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து கடற்கரையில் பட்டம் விடுகிறார்கள் என்று ஒரு வரி சொன்னேன். அவர் வல்வெட்டித்துறை. தைப்பொங்கலுக்குப் பட்டப் போட்டி வைக்கிற ஊரில் பிறந்த ஆணுக்கு அந்த ஒரு வரி போதும். கைபேசியில் படங்களைப் பார்த்தார். நைலோனில் செய்த திமிங்கிலம், ஒக்டோபஸ், காற்று நிரப்பிய கரடி.

"இது பட்டமில்லை. பலூன்."

அன்றைக்குத் தொடங்கியது. கார்க் கராஜுக்குள் கார் இல்லை, மூங்கில் இருக்கிறது. தோட்டச் சாமான் கடையில் பூஞ்செடிக்கு ஊன்றுகிற தடியை வாங்கி வந்து, சமையலறைக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து, நகத்தின் மொத்தத்துக்குச் சீவி, ஒவ்வொரு ஈர்க்கையும் விரல் நுனியில் சமன் பார்த்து, கனமான பக்கத்தை இன்னொரு சீவல். முச்சை கட்டுவதற்கு மட்டும் ஒரு பின்னேரம். ஆகப் பெரிய பிரச்சினை விண். பட்டத்தின் தலையில் வில்லாகக் கட்டி, காற்றில் அதிர்ந்து கூவ வைக்கிற நார். ஊரில் பனையிலும் கமுகிலும் எடுப்பார்கள். பிறண்டாவில் பனை இல்லை. பொதி கட்டி வருகிற பிளாஸ்டிக் பட்டியை வேலைத்தலத்துக் குப்பையில் எடுத்து வந்து, சவர அலகால் சுரண்டிச் சுரண்டி, வீட்டு வாசலில் நின்று தலைக்கு மேலே சுழற்றிப் பார்க்கிறார். பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, புல்லு வெட்டுகிற மெஷின் பழுதா என்று விசாரித்தார். எத்தனை படுக்கையறை, துவாய் யார் எடுப்பது, சின்னவனுக்கு உயரக் கதிரை உண்டா என்று நான் கேட்கிற எதற்கும் அவரிடம் பதில் இல்லை. மேற்குக் கரையின் காற்று விநாடிக்கு எத்தனை மீற்றர் என்பது மட்டும் மணிக்கு மணி தெரியும். டேனிஷ் வானிலை நிலையம் ஒன்று சொல்லும், நோர்வேக்காரரின் செயலி இன்னொன்று சொல்லும். இந்த நாட்டில் எல்லோரும் இரண்டையும் பார்த்துத் தங்களுக்கு விருப்பமானதை நம்புவார்கள். அவர் எதில் காற்று அதிகமோ அதை நம்புகிறார். நான் எதில் மழை குறைவோ அதை.

உடுப்பு விசயம் கெதியாக முடிந்தது. டென்மார்க்கில் கோடைக்கு எடுக்கிறதும் மாரிக்கு எடுக்கிறதும் ஒன்றுதான். மேலதிகமாக ஒரு நீச்சல் உடுப்பு.

அம்மாவின் சாமான்தான் முடியவில்லை. ரைஸ் குக்கர். அதுக்கு மேல் ஒரு சின்ன ரைஸ் குக்கர், "பெரியது பழுதானால்." உறைபனிப் பெட்டியிலிருந்து ஒரு மாதத்துக்குத் தேவையான இறைச்சி. யாழ்ப்பாணத்துத் தூள் ஒரு ஐஸ்கிறீம் டப்பாவுக்குள். வனிலா என்று வெளியே எழுதியிருக்கிறது. அதைச் சின்னவன் பார்த்துவிட்டான், தீவுக்குப் போனதும் தனக்கு என்று நினைத்துக்கொண்டு தினமும் அந்தப் பெட்டியைத் தடவிப் பார்க்கிறான். பனங்கட்டி, பயறு, தேங்காய்ப்பால் ரின் எல்லாம் ஆடிக்கூழுக்கு. வீட்டு ஒப்பந்தத்தில் புகைக்கக்கூடாது, நாய் கொண்டுவரக்கூடாது என்று இருக்கிறது. செத்தல் மிளகாயைத் தாளிக்கக்கூடாது என்று எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை. புகை அலாரத்துக்குக் கீழே நின்று துவாயால் விசுக்குகிற வேலை யாருக்கு என்று இப்போதே பிரித்துவிட்டோம்: மூத்தவளுக்கு. அவளுக்கு அது வீட்டில் நல்ல பழக்கம்.

வீட்டைப் பதிவு செய்து காசும் கட்டியாயிற்று. அன்று இரவு அம்மா தொலைபேசியோடு அறைக்குள் போனா. கதவு சாத்தியிருந்தது. நான் பிள்ளைகளைக் குளிக்க வார்த்துவிட்டு வருவதற்குள் வெளியே வந்துவிட்டா, முகமெல்லாம் வெளிச்சம்.

"எஸ்பியரிலை எங்கடை அன்னலிங்கத்தான்ரை மகன் இருக்கிறானாம். கப்பல் துறையிலை இருந்து அஞ்சு நிமிசமாம் வீடு."

"அம்மா..."

"ஆடிப்பிறப்புக்குக் கூழ் குடிக்க வாறினம். அவன் மட்டுமில்லை, மனிசியின்ரை தாய் தேப்பனும் நிக்கினமாம் நோர்வேயிலை இருந்து வந்து. விட்டிட்டு வரச் சொல்லேலுமே?"

ஆறு பேருக்கான வீடு என்று சொன்னேன். "இரவிலை படுக்கேல்லையே, பகலிலைதானே." அடுத்த நாள் ஹேர்னிங்கிலிருந்து சித்தி எடுத்தா: எந்தக் கிழமை, எத்தனை மணி ஃபெரி, றோல்ஸ் போட்டுக்கொண்டு வரட்டா. வைலவில் இருக்கிற மச்சானின் குடும்பம் ஞாயிறு வருகிறது, ஏனென்றால் சனி அவர்களுக்கு ஒரு சாமத்திய வீடு. எல்லோருக்கும் அம்மா ஒரே விளக்கம்தான் சொல்கிறா: பன்னிரண்டு நிமிசம்தான், திரும்பி வர ரிக்கெற் எடுக்கத் தேவையில்லை. ஃபெரிக் கம்பனி விளம்பரத்துக்கு ஆள் தேடினால் எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறா.

வீட்டுக்குப் பக்கத்தில் தீவு எடுத்தால் வருகிற சங்கடம் இதுதான். எல்லோருக்கும் அது பக்கம். நான் படுக்கையில் இருந்துகொண்டு அன்ஹோல்ட் பற்றிக் கொஞ்சம் வாசித்தேன். கடலின் நடுவே, கிறெனோவிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட, பெரும்பாகம் வெறும் மணல்காடு. காசு கட்டியாயிற்று என்பதால் மூடி வைத்தேன்.

என் அவர்தான் இதையெல்லாம் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டவர். வருகிறவர்களின் பெயர்களை விரல் மடித்துக் கேட்டார். அதில் தோள் பலமுள்ள ஆண்கள் எத்தனை பேர் என்று தனியாகக் கேட்டார்.

"அப்ப கயிறு பிடிக்க ஆள் இருக்கு. ஆறடி காணாது. எட்டடியாக் கட்டுவம்."

"காருக்குள்ளை போகாதே!"

"கூரையிலை கட்டுவம்."

காரைப் பதிகிறபோது ஃபெரிக்காரர் உயரம் எவ்வளவு என்று கேட்பார்கள். கராஜில் அளவு நாடாவோடு ஏணியில் நிற்கிறேன். அவர் கீழே நின்று, வாலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், அதைச் சுருட்டிவிடலாம் என்கிறார்.